'ஜெனடிக்' என்றால் 'பரம்பரை' இல்லை

வயிற்றுக் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 தடவை துடிக்கும். அதற்குக் கீழேயே நின்றால் பிராடிகார்டியா. கிரேக்கத்தில் 'பிராடிஸ்' மெதுவான, 'கார்டியா' இதயம். தமிழில் 'மந்தத் துடிப்பு' என்றால் போதும். அதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்றான 'ஜெனடிக்' என்பதைப் 'பரம்பரை நோய்' என்று எழுதுகிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பரம்பரை வடசொல், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வது. குடியாத்தம், ஆம்பூர் பக்கம் அது காதில் விழுந்ததுமே, "இது யார் வீட்டு வழி?" என்று கேட்பார்கள். பழி பெரும்பாலும் மருமகள் தலையில் விழும். ஆனால் திமத்தி நோய்க்குறியை எடுத்துக்கொள்ளுங்கள். இதய செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாயிலின் மரபணு கெட்டு, கருவிலேயே துடிப்பு மந்தமாகலாம். பெரும்பாலும் அந்த மாற்றம் தாயிடமும் இருக்காது, தகப்பனிடமும் இருக்காது. குழந்தையிடம் புதிதாக வந்தது. இதில் எங்கே பரம்பரை?

'நீள் கியூடி' கோளாறு, அதாவது ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்நிலை மீள அதிக நேரம் எடுப்பது, பல குடும்பங்களில் பெற்றோர் வழியாகவே வருகிறது. அதற்குப் பரம்பரை என்பது சரி. அதனால்தான் அம்மா அப்பாவுக்கும் ஈசிஜி எடுக்கிறார்கள். அதிலேயே காது கேளாமையும் சேர்ந்த ஒரு வகை உண்டு. மரபணுவின் கெட்ட பிரதி இரு பக்கமிருந்தும் வந்தால்தான் அது வரும். மாமன் மகளையோ அக்கா மகளையோ கட்டும் நம் ஊரில் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்: ஒரு வீட்டை மட்டும் குற்றம் சொல்ல வழியே இல்லை.

'ஜெனடிக்' என்பதற்கு 'மரபணு மாற்றம்' என்று எழுதலாம் என்பேன். மரபும் பரம்பரையும் ஒன்றுதானே என்பார்கள். தனியாக நின்றால் இருக்கலாம். 'மரபணு' ஒரு பொருளின் பெயர். டென்மார்க் தாவரவியலாளர் யோஹான்சென் 1909இல் 'ஜீன்' என்றாரே, அது. 'மரபணு மாற்றம்' கோளாறு எங்கே என்று சொல்கிறது, யாரால் என்று சொல்வதில்லை. 'அணு' வடசொல்லாயிற்றே என்று தள்ளுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஜனங்கள் வாயில் ஏறிவிட்ட சொல் அது.

'ஹார்ட் பிளாக்' என்பதை 'இதய அடைப்பு' ஆக்குவது இன்னும் மோசம். படிக்கிறவர் ரத்தக்குழாயில் கொழுப்பு என்றே நினைப்பார். அங்கே தடைப்படுவது மின்துடிப்பு. கருவில் அது வர, தாயின் எதிர்ப்புப் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாகப் போய்த் தாக்குவதும் முக்கியக் காரணம். குழந்தையின் மரபணுவில் பிழையே இருக்காது. 'துடிப்புக் கடத்தல் தடை' என்று எழுதுங்கள், நீளமானாலும் பரவாயில்லை.