ஊருணித் தண்ணீரில் உருவாகும் மூளை

ஐப்பசி மழை கொட்டிய மறுநாள் காலையில் திருப்பாலைக்குடிப் பக்கம் ஊருணிக் கரையில் குனிந்து பாருங்கள். புல்லை ஒட்டி வழவழவென்று தவளை முட்டை கிடக்கும். கடல் கூப்பிடு தூரம்தான். ஆனாலும் நம்மூர்த் தவளைக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. மழைநீர் நிற்கும் ஊருணியும் கண்மாயும்தான் கதி.

ஒரு முட்டையை உற்றுப் பார்த்தால் மேல்பாதி கறுப்பு, கீழ்ப்பாதி வெளுப்பு. அந்தக் கறுப்புப் பாதியிலிருந்துதான் தோலும் வருகிறது, மூளையும் வருகிறது. எந்த செல் எதுவாக வேண்டும் என்பது எப்படி முடிவாகிறது?

ஜெர்மனியில் ஹான்ஸ் ஸ்பீமனும் அவருடைய மாணவி ஹில்டே மாங்கோல்டும் இதற்கு ஒரு வழி திறந்தார்கள். அவர்கள் எடுத்தது தவளையின் உறவான நியூட்டை. இளங்கருவில் செல்கள் உள்ளே மடிந்து நுழைய ஒரு சிறு வாய் உண்டு. அதன் மேலுதட்டை வெட்டி இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவதாக ஒரு நரம்புக் குழாயே, அதாவது மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாயே, எழுந்தது! இரண்டு கருவும் வெவ்வேறு நிறம் என்பதால், அந்த நரம்பு பெரும்பாலும் ஒட்டு வாங்கிய கருவின் சொந்தச் செல்களால் ஆனது என்று தெரிந்தது. ஆய்வு வெளியான 1924-லேயே மாங்கோல்ட் தீ விபத்தில் இறந்துபோனார். 1935-ல் நோபல் பரிசு ஸ்பீமனுக்குக் கிடைத்தது. அந்தப் பெண்ணின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

உதடுதான் 'நரம்பாகு' என்று ஏவுகிறது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். ஆனால் கருவின் மேல்பக்கச் செல்களை உதிரி உதிரியாகப் பிரித்துச் சில மணி நேரம் வைத்தால், யாரும் ஏவாமலே அவை நரம்பின் பாதையில் போகின்றன. ஒட்டியிருந்தால்தான் தோலாகின்றன. காரணம், பிஎம்பி என்ற புரதம். 'தோலாகு' என்று செல்கள் ஒன்றுக்கொன்று சொல்லும் செய்தி அது. பிரித்தால் அந்தச் செய்தி தண்ணீரில் கரைந்துவிடுகிறது.

உதட்டுச் செல்கள் நாகின், கார்டின் என்ற புரதங்களைச் சுரக்கின்றன என்பது 1990-களில் தெரிந்தது. கரைவலை மீனை மடக்குவதுபோல், இவை செல்களுக்கு வெளியிலேயே பிஎம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. தோலாகச் சொல்லும் செய்தி எட்டாத முதுகுப் பக்கம் நரம்பாகிறது. எஃப்ஜிஎஃப் என்ற வேறொரு சமிக்ஞைக்கும் இதில் பங்குண்டு.

பிறகு, நரம்பாகப் போகும் அந்த முதுகுப் பக்கச் செல்களின் தகடு, பதநீர் குடிக்க மடிக்கும் பனையோலைப் பட்டைபோல் நடுவில் குழிகிறது. ஓரங்கள் எழும்பி, நெருங்கி, ஒட்டிக் குழாயாகின்றன. ஆய்வகங்களில் வளர்க்கும் ஜெனோபஸ் தவளையில், 23 டிகிரி வெப்பத்தில், கருவுற்ற ஒரு நாளுக்குள் இதெல்லாம் முடிந்துவிடும். குழாயின் முன்பகுதி உப்பி மூளையாகிறது. பின்பகுதி தண்டுவடமாக நீள்கிறது.