சுண்ணாம்பு கண்ணில் விழுந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்

கண் மருத்துவரான என்னிடம் போன வாரம் இன்னொரு பிள்ளை வந்தான். கும்பகோணம் பக்கம் ஒரு பள்ளியில் ஆண்டு விழாவுக்காக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கூடி ஒரு பெரிய யானை செய்துகொண்டிருந்தார்கள். கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, அதன்மேல் சுதை, அதாவது சுண்ணாம்புச் சாந்து. யானையின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பூசிய பையனின் கண்ணில் சுண்ணாம்புக் கலவை விழுந்துவிட்டது. பக்கத்து வயலிலேயே பம்புசெட் ஓடுகிறது. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டு, துணியால் கட்டி, காரில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். மேல் இமையைத் திருப்பிப் பார்த்தால் கடுகளவு சுண்ணாம்பு அப்படியே ஒட்டியிருக்கிறது. வழியெல்லாம் கருவிழியை அரித்தபடியே வந்திருக்கிறது.

ஏன் தண்ணீர் ஊற்றவில்லை என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சுண்ணாம்புல தண்ணி பட்டா கொதிக்குமே டாக்டர்!"

கொதிப்பது நீற்றாத, அதாவது இன்னும் தண்ணீர் படாத கற்சுண்ணாம்பு. கலவையில் இருப்பது ஏற்கெனவே தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு. கொதிக்க வேண்டியது எப்போதோ கொதித்து அடங்கியாயிற்று. சரி, நீறாத தூளே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். கண்ணில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறதே? அந்தக் கண்ணீரிலேயே அது வேகும். குடம் குடமாய் ஊற்றினால் சூடும் போகும், சுண்ணாம்பும் போகும். எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு ஒரு காரம், அதாவது ஆல்கலி. காரம் பெரும்பாலும் ஆசிட்டைவிட ஆழமாக இறங்கும். ஈர சிமெண்டும் இதே காரம்தான். வலி குறைந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள்; கருவிழி நரம்பு செத்தாலும் வலி குறையும்.

தூளாக இருந்தால் முகத்தில் ஒட்டியதைத் தட்டிவிட்டு, உடனே குழாயடிக்குக் கூட்டிப்போங்கள். அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமைகளைப் பிரித்துப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். பிள்ளை கத்தும், திமிறும். விடாதீர்கள். ஒருவர் கழுவும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

கோபுரத்துச் சுதைக்குச் சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துப் பக்குவம் செய்வது கைதேர்ந்தவர்களின் வேலை. சுண்ணாம்பு நீற்றுவதைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே கூடாது. கலவை தொடும் எல்லோருக்கும் கையுறையும், பக்கவாட்டிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். பவர் கண்ணாடி போதாது.

ஆசிரியர்களே, கெஞ்சிக் கேட்கிறேன். வயிறு, தாடை என்று அண்ணாந்து பூச வேண்டிய இடங்களைக் கொத்தனார் முடிக்கட்டும். காது, துதிக்கை, நெற்றிப்பட்டம் என்று பிள்ளைகள் ஆசையாகச் செய்ய எவ்வளவோ இருக்கிறது.