ஸ்டூடண்ட்-அத்லெட்: சொல் விளக்கம்

அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் நியூஸ் கொஞ்சம் படிச்சாலே இந்த வார்த்தை கண்ணுல பட்டுடும். (ஃபுட்பால்னா நம்ம கால்பந்து இல்லீங்க, ஹெல்மெட்டும் தோள்ல பேடும் மாட்டிக்கிட்டு முட்டை ஷேப்ல ஒரு பந்த கக்கத்துல இடுக்கிட்டு ஓடுவாங்களே, அது.) யுனிவர்சிட்டி அறிக்கை விட்டா அதுல பிளேயர்னு இருக்கறது அபூர்வம், ஸ்டூடண்ட்-அத்லெட்னுதான் இருக்கும், நடுவுல ஒரு சின்ன கோடோட. லட்சம் பேர் உக்கார்ற ஸ்டேடியத்துல ஆடினாலும் அதே பேருதான், ஆள் போதைல கார் ஓட்டி மாட்டினாலும் அதே பேருதான்.

அகராதில பார்த்தா ரொம்ப சாதுவான வார்த்தை. காலேஜ்ல படிச்சுக்கிட்டே காலேஜ் டீமுக்கு ஆடறவர், அவ்ளோதான். வேர் பார்த்தா ஸ்டூடண்ட் லத்தீன்ல 'ஸ்டுடேரே'ங்கற வினையில இருந்து வருது, ஒண்ணுல ஆர்வமா மூழ்கிக் கிடக்கறதுன்னு அர்த்தம். அத்லெட் கிரேக்கம், 'அத்லான்'னா பரிசு, பரிசுக்காக போட்டி போடறவன்தான் அத்லெட். அதாவது வேர்லயே துட்டு இருக்கு. ஆனா இந்த ரெண்டையும் ஒட்டவெச்ச ஆளுங்களோட நோக்கம் துட்டு கொடுக்காம இருக்கறது, அங்கதான் கதையே.

ஒட்டவெச்சவர் வால்டர் பையர்ஸ். காலேஜ் விளையாட்டுங்களை மேய்க்கற என்சிஏஏ அமைப்போட முதல் முழுநேர தலைமை நிர்வாகி, 1951ல இருந்து 80கள் கடைசி வரைக்கும் அவரு வெச்சதுதான் சட்டம். அப்போ கொலராடோ மாநிலத்துல ஒரு தலைவலி. டென்வர் யுனிவர்சிட்டி டீம்ல இருந்த எர்னஸ்ட் நெமத்துக்கு ப்ராக்டிஸ்ல முதுகுல அடி, வேலை செய்யற இடத்துல அடிபட்டா தொழிலாளிக்கு குடுக்கற நஷ்ட ஈடு எனக்கும் வேணும்னு கேஸ் போட்டாரு, 1953ல அந்த மாநில சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு, ஃபுட்பால் ஆடறதால கேம்பஸ்ல சம்பளத்துக்கு வேலை குடுத்திருக்காங்க, அப்போ இவர் ஊழியர்தான்னு. காலேஜ்களுக்கெல்லாம் வயித்துல புளியைக் கரைச்சுது. ஊழியர்னு ஒத்துக்கிட்டா இன்சூரன்ஸ், சம்பளம், வரி, யூனியன்னு வரிசையா வருமே.

1955ல அதே மாநிலத்துல ஃபோர்ட் லூயிஸ் காலேஜுக்கு ஆடின ரே டென்னிசன் ஆட்டத்துல தலையில அடிபட்டு இறந்துட்டாரு. அவர் மனைவி நஷ்ட ஈடு கேட்டாங்க. 1957ல அதே கோர்ட் முடியாதுன்னுடுச்சு, ஃபுட்பால் ஆடறதுக்குன்னு வேலை ஒப்பந்தம் எதுவும் இல்ல, காலேஜ் ஒண்ணும் ஃபுட்பால் பிசினஸ் பண்ணலன்னு. இந்த காலகட்டத்துலதான் பையர்ஸ் டீம் ஸ்டூடண்ட்-அத்லெட்ங்கற சொல்லை உருவாக்கி விதிப் புத்தகம் பூரா நுழைச்சாங்க, பிளேயர், அத்லெட்னு எழுதற இடத்துலயெல்லாம் இதத்தான் எழுதணும்னு. இது யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்ல, ரிடையர் ஆனப்புறம் 1995ல வந்த புத்தகத்துல பையர்ஸே இத விளக்கமா எழுதியிருக்காரு, அந்த சிஸ்டத்த கடுமையா திட்டியும் இருக்காரு. கட்டினவரே இடிக்க வந்த கேஸ்.

கோர்ட்ல இந்த வாதம் ரொம்ப நாள் ஓடுச்சு. டெக்சஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டிக்கு ஆடின கென்ட் வால்ட்ரெப் 1974ல அலபாமாவுக்கு எதிரான மேட்ச்ல விழுந்து கழுத்துக்கு கீழ செயலிழந்துட்டாரு. பல வருஷம் கழிச்சு அவர் போட்ட கேஸ்லயும் 2000ல டெக்சஸ் அப்பீல் கோர்ட் இவர் ஊழியர் இல்லன்னுதான் சொல்லுச்சு.

சரி, அத்லெட் பாதிக்கு சம்பளம் இல்ல, அதுக்கு பதிலா படிப்பு தர்றோம்னு சொல்றாங்க. அப்போ அந்த ஸ்டூடண்ட் பாதியாவது ஒழுங்கா இருக்கணும்ல? அங்கதான் நாறுது.

ஜார்ஜியா யுனிவர்சிட்டில ஜேன் கெம்ப்னு ஒரு ஆங்கில ஆசிரியை, பின்தங்கின பசங்களுக்கான இங்கிலீஷ் பிரிவைப் பார்த்துக்கிட்டவங்க. தேறாத 9 ஃபுட்பால் பசங்களை 1982 ஜனவரி சுகர் பௌல்ங்கற பெரிய சீசன் கடைசி மேட்ச்ல ஆட வைக்கணும்னு மேலதிகாரிங்க தேற வெச்சதை எதிர்த்தாங்க, வேலை போச்சு, கேஸ் போட்டாங்க, 1986ல ஜூரி 25 லட்சம் டாலருக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு (அப்புறம் அது குறைஞ்சுது). அந்த கேஸ்ல யுனிவர்சிட்டி தரப்பு வக்கீல் பேசினதுதான் உச்சம்: இவங்கள பட்டதாரி ஆக்க முடியாம போகலாம், எழுதப் படிக்க கத்துக் குடுத்தா குப்பை அள்ளாம போஸ்ட் ஆபீஸ்லயாவது வேலை பார்ப்பாங்கங்கற மாதிரி. காப்பாத்த வந்தவர் பேசின பேச்சு இது!

அதே 1986லதான் என்சிஏஏவோட ப்ரபோசிஷன் 48ங்கற விதி அமலுக்கு வந்துச்சு. ஹைஸ்கூல்ல 11 முக்கிய பாடங்கள்ல 4க்கு 2.0 சராசரி, கூடவே எஸ்ஏடிங்கற காலேஜ் நுழைவுத் தேர்வுல 1600க்கு 700 மார்க், இல்லாட்டி முதல் வருஷம் ஆட முடியாது. தரம் வேணாம்னு யாரும் சொல்லல, ஆனா எஸ்ஏடி மார்க்க வெச்சு வடிகட்டினா கருப்பின பசங்கதான் கொத்தா வெளிய போவாங்கன்னு கருப்பின கல்வியாளர்கள் அப்பவே சத்தம் போட்டாங்க. அந்த சண்டை பல ரவுண்டு போய், இப்ப 16 பாடம், 2.3 சராசரின்னு நிக்குது, 2023ல எஸ்ஏடி கட்டாயத்தையே தூக்கிட்டாங்க.

ஆனா நுழைவுக்கு பூட்டு போட்டு என்ன பண்றது, உள்ள போனப்புறம் வகுப்பே இல்லன்னா? நார்த் கரோலினா யுனிவர்சிட்டி சேப்பல் ஹில்ல, நல்ல பேரு எடுத்த இடம், 1993ல இருந்து 2011 வரைக்கும் 'பேப்பர் க்ளாஸ்'னு ஒண்ணு ஓடுச்சு. லெக்சர் கிடையாது, வாத்தியாரைப் பார்க்க வேணாம், செமஸ்டர் கடைசில ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தா போதும், அதைத் திருத்தி தாராளமா மார்க் போட்டது பேராசிரியர் இல்ல, டிபார்ட்மென்ட்ல செக்ரட்டரியா இருந்தவங்க. 2014 விசாரணை அறிக்கைப்படி 3,100க்கு மேல மாணவர்கள் இப்படி எடுத்திருக்காங்க, அதுல கிட்டத்தட்ட பாதி விளையாட்டுப் பசங்க. 2017ல என்சிஏஏ என்ன பண்ணுச்சு? இந்த வகுப்பு எல்லா மாணவர்களுக்கும் திறந்துதான் இருந்துச்சு, விளையாட்டுப் பசங்களுக்கு மட்டும் தனிச் சலுகைன்னு சொல்ல முடியலன்னு விட்டுடுச்சு. ஸ்டூடண்ட்-அத்லெட்னு நாள்பூரா ஓதற அமைப்பு, ஸ்டூடண்ட் விஷயம் வந்தா அது காலேஜ் பாடுன்னு கை கழுவுது.

இந்தச் சொல் காலேஜ்ல சேர்றதுக்கு முன்னாடியே ஒட்டிக்கும், அது இன்னொரு வேடிக்கை. ஒன்பதாவது வகுப்பு ஆரம்பிச்ச பையன் என்சிஏஏ விதிப்படி 'ப்ராஸ்பெக்டிவ் ஸ்டூடண்ட்-அத்லெட்', அதாவது வருங்கால ஸ்டூடண்ட்-அத்லெட். கோடைல நடக்கற ரெக்ரூட்டிங் கேம்ப்புக்கு வர்றது இவங்கதான். வெயில்ல வரிசையா நிக்கவெச்சு உயரம், எடை எடுப்பாங்க, 40 யார்டு ஓட விட்டு ஸ்டாப்வாட்ச்ல நொடியோட நூறுல ஒரு பங்கு வரைக்கும் குறிப்பாங்க, எகிறிக் குதிக்கச் சொல்வாங்க, அப்புறம் ஒருத்தனோட ஒருத்தன் மோத விடுவாங்க. பெத்தவங்க ஃபீஸ் கட்டி அனுப்பறாங்க, கோச்சுக்கு ஆள் எடுக்கற வேலை. ஸ்கூல் மார்க் ஷீட் கேக்கற கோச்சும் உண்டு, ஆனா அங்க கண்ணு முழுக்க கால் மேலதான்.

இந்த கேம்ப்பை வெச்சு 2016ல பெரிய ரகளை. சொந்த கேம்பஸ்ல இருந்து 50 மைலுக்கு மேல போய் கேம்ப் நடத்தக்கூடாதுன்னு விதி, ஆனா வேற காலேஜோ ஸ்கூலோ நடத்தற கேம்ப்புக்கு கெஸ்ட்டா போகலாம்னு ஒரு ஓட்டை. மிச்சிகன் கோச் ஜிம் ஹார்பா அந்த ஓட்டைல புகுந்து 2015 கோடைல தெற்கு மாநிலங்கள்ல சுத்தி சுத்தி கேம்ப் போட்டாரு, எங்க ஏரியாவுல வந்து ஆள் பொறுக்கறியான்னு தெற்கத்தி கோச்சுங்க கொதிச்சாங்க. 2016 ஏப்ரல் 8 என்சிஏஏ கவுன்சில் இந்த சாட்டிலைட் கேம்ப்பை தடை பண்ணுச்சு, ஏப்ரல் 28 தடையையே ரத்து பண்ணிட்டாங்க, ஏன்னா பெரிய காலேஜுக்கு டிக்கெட் எடுத்துப் போக வசதியில்லாத பசங்களுக்கு இதுதான் ஒரே வாசல்னு நிறைய பேர் சொன்னாங்க. அது நியாயமான பேச்சுதான்.

இதே ஹார்பா 2007ல ஸ்டான்ஃபர்ட் கோச்சா இருந்தப்போ, தான் படிச்ச மிச்சிகனையே போட்டுத் தாக்கினவரு: படிப்புல எல்லைக்கோட்டுல இருக்கற பசங்களை எடுத்து ஈசியான கோர்ஸ்ல தள்ளிவிடறாங்க, நான் வரலாறு படிக்கணும்னு கேட்டப்போ அதுக்கு நேரம் அதிகம் ஆகும், வேணாம்னாங்கன்னு. இது அவருக்கு மட்டும் நடந்தது இல்ல. நார்த்வெஸ்டர்ன் யுனிவர்சிட்டி க்வார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்த நடத்தற பிளேயர்) கெயின் கோல்ட்டர், பிளேயருங்க யூனியன் அமைக்கக் கேட்ட 2014 வழக்குல, டாக்டர் படிப்புக்குத் தேவையான கெமிஸ்ட்ரி வகுப்பு காலை ப்ராக்டிஸோட மோதினதால எடுக்க முடியலன்னு சாட்சி சொன்னாரு. சீசன்ல வாரம் 40, 50 மணி நேரம் ஃபுட்பாலுக்கே போகுதுன்னு அந்த வழக்கை விசாரிச்ச தொழிலாளர் உறவு வாரிய வட்டார இயக்குநர் தன் தீர்ப்புல எழுதினாரு. நமக்கு க்ளாஸ் எதுக்கு, நாம ஃபுட்பால் ஆடத்தானே வந்தோம்னு 2012ல ட்வீட் போட்ட ஒஹாயோ ஸ்டேட் பையன் கார்டேல் ஜோன்ஸை ஊரே கழுவி ஊத்துச்சு. எனக்கென்னமோ அந்தப் பையன் வெளிப்படையா பேசிட்டான்னுதான் தோணுது. பின்னாடி அவர் திரும்பி வந்து டிகிரியும் முடிச்சாரு.

இப்ப தமிழுக்கு வருவோம். மெஷின் மொழிபெயர்ப்புல 'மாணவர் தடகள வீரர்'னு வருது பாருங்க, அது தப்பு. தடகளம்னா ஓட்டம், தாண்டறது, எறியறது. ஃபுட்பால் ஆடறவன் தடகள வீரன் இல்ல. இலங்கைத் தமிழ்ல மெய்வல்லுநர்னு அருமையான சொல் இருக்கு, ஆனா ஸ்கூல்ல இல்லங்களுக்கு (ஹவுஸ்களுக்கு) நடுவுல நடக்கற மெய்வல்லுநர் போட்டியக் கேட்டவங்களுக்கு அதுவும் ஓட்டப்பந்தயத்தைத்தான் ஞாபகப்படுத்தும். 'விளையாட்டு மாணவர்'னா ஏதோ விளையாட்டுத்தனமா இருக்கற பையன் மாதிரி கேக்குது, 'வீர மாணவர்'னா குளத்துல விழுந்த குழந்தைய காப்பாத்தினவன்.

மிச்சம் 'மாணவ வீரர்'. சின்னது, வாயில நுழையுது, பொண்ணுங்களுக்கு மாணவ வீராங்கனை. இலக்கணத்துல இது இருபெயரொட்டு, பனைமரம் மாதிரி, முன்னாடி சிறப்புப் பெயர், பின்னாடி பொதுப்பெயர். மரங்கள்ல பனை, வீரர்கள்ல மாணவர். அப்போ ஆள் அடிப்படையில வீரர்தான், என்சிஏஏ ரெண்டு பக்கமும் சமம்னு காட்டப் போட்ட அந்தக் கோடு தமிழ்ல தேவையே படல. ரெக்ரூட்டிங் கேம்ப்புக்கு 'ஆள்சேர்ப்பு முகாம்'னு போட்டா மிலிட்டரி செலக்‌ஷன்னு நினைச்சுப்பாங்க, 'வீரர் தேர்வு முகாம்' போதும்.

ஆனா எல்லா இடத்துலயும் மாணவ வீரர்னு போடவும் கூடாதுங்கறது என் கட்சி. என்சிஏஏ விதியையோ அறிக்கையையோ சொல்றப்போ மேற்கோள் குறியோட போடலாம், செய்தி எழுதறவர் தன் வாக்கியத்துல சொல்றப்போ 'கல்லூரி வீரர்'னோ 'கல்லூரி ஆட்டக்காரர்'னோ எழுதறதுதான் சரி, ஏன்னா அந்தச் சொல்லே ஒரு வழக்குல ஒரு தரப்பு வாதம். அமெரிக்க தொழிலாளர் உறவு வாரியத்தோட தலைமை வக்கீலா இருந்த ஜெனிஃபர் அப்ரூஸோ 2021 செப்டம்பர்ல சுற்றறிக்கை விட்டாங்க, ஊழியரா இருக்கறவங்களை இந்தப் பேர் சொல்லி உரிமை இல்லன்னு நம்ப வைக்கறதே சட்டமீறல்னு. ஆட்சி மாறி 2025 பிப்ரவரில அதை வாபஸ் வாங்கிட்டாங்க. அதே வருஷம் ஜூன்ல, காசு கேட்டு பிளேயருங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் வழக்கோட சமரசத்துக்கு கோர்ட் ஒப்புதல் குடுத்து, ஒவ்வொரு பெரிய காலேஜும் முதல் வருஷம் சுமார் 2.05 கோடி டாலர் வரைக்கும் பசங்களுக்கு நேரடியா வருமானத்துல பங்கு குடுக்கலாம்னு ஆயிடுச்சு. காசு கைக்கு வருது, விதிப் புத்தகத்துல பேரு மட்டும் இன்னும் ஸ்டூடண்ட்-அத்லெட்தான்.