கொம்மா யோகன்னேயும்: சொல்லும் அதன் தமிழும்

பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவக் கோட்பாடு பற்றிய விவாதம் எங்கே எழுந்தாலும், யோவானின் முதலாம் நிருபம் ஐந்தாம் அதிகாரம் ஏழாம் வசனம் அதற்குள் வராமல் போவதில்லை. அவ்வசனத்தின் ஒரு பகுதிக்கு விவிலியப் பாட ஆய்வாளர்கள் இட்டு வழங்கும் இலத்தீன் பெயரே ‘கொம்மா யோகன்னேயும்’. ‘கமா’ என்ற உடனே காற்புள்ளி நினைவுக்கு வருவதால், இது ஏதோ ஒரு நிறுத்தற்குறியை எங்கே இடுவது என்பது பற்றிய தகராறு என்று எண்ணிவிட இடமுண்டு. உண்மையில் காற்புள்ளிக்கும் இவ்வழக்குக்கும் தொடர்பில்லை. அப்பகுதி நிருபத்தில் முதலிலிருந்தே இருந்ததா, பின்னர் சேர்ந்ததா என்பதே வழக்கு.

கிரேக்கத்தில் ‘கோப்டெயின்’ என்பது வெட்டுதலைக் குறிக்கும் வினை. அதிலிருந்து பிறந்த ‘கொம்மா’ வெட்டி எடுக்கப்பட்ட துண்டைக் குறித்தது. சொல்லணி இலக்கணம் வகுத்த பண்டைய ஆசிரியர்கள், முழு வாக்கியத்தின் உறுப்பைக் ‘கோலொன்’ என்றும், அதனினும் சிறிய தொடரைக் ‘கொம்மா’ என்றும் அழைத்தார்கள். உரோமர் இச்சொல்லை அப்படியே எடுத்தாண்டனர். அத்தகைய தொடர் முடியும் இடத்தைக் காட்ட இட்ட குறிக்கும் அதே பெயர் பின்னாளில் நிலைத்துவிட்டது. ‘யோகன்னேயும்’ என்பதற்கு யோவானைச் சார்ந்தது என்று பொருள். ஆகவே பெயர் முழுவதற்கும் ‘யோவான் நிருபத்திலுள்ள சிறுதொடர்’ என்பதே நேர்ப்பொருள். அது மெய்யானதா, பிற்சேர்க்கையா என்ற தீர்ப்பு எதுவும் பெயருக்குள் இல்லை.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் வாசித்துவரும் பழைய மொழிபெயர்ப்பில் அத்தொடர் இவ்வாறு அமைந்திருக்கிறது: “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்.” அடுத்த வசனம் பூலோகத்திலே சாட்சியிடுகிற ஆவி, ஜலம், இரத்தம் ஆகியவற்றைச் சொல்கிறது. 1995இல் வெளிவந்த ‘திருவிவிலியம்’ என்னும் பொது மொழிபெயர்ப்பின் மூலபாடத்தில் பரலோகச் சாட்சிகள் இல்லை. ஆவியும் நீரும் இரத்தமும் மட்டுமே உள்ளன. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்கும் ஒருவர், யாரோ வசனத்தை வெட்டிவிட்டார்கள் என்று பதறுவது இயல்பே. சுவடிகளின் சாட்சியம் வேறு விதமாக இருக்கிறது.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சினாய், வத்திக்கான், அலெக்சாந்திரியச் சுவடிகள் எதிலும் இத்தொடர் இல்லை. இதைக் கொண்ட கிரேக்கச் சுவடிகள் ஏறத்தாழ பத்து மட்டுமே. அவற்றிலும் சிலவற்றில் இது பக்க ஓரத்தில் பிற்காலக் கையெழுத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. உள்பாடத்திலேயே இதைக் கொண்டவற்றுள் மிகப் பழையது 14ஆம் நூற்றாண்டினது, அதுவும் இலத்தீனும் கிரேக்கமும் இணைத்து எழுதப்பட்டது. ஜெரோமின் இலத்தீன் மொழிபெயர்ப்புக்கு நல்ல சாட்சிகளாகிய ஃபுல்டா, அமியாத்தா சுவடிகளின் வசனத்திலும் இது காணப்படவில்லை. இவற்றைவிட வலிமையானது இன்னொரு மௌனம். குமாரன் பிதாவுக்குச் சமமானவரல்லர் என்ற ஆரியுவின் போதனையை எதிர்த்து, அலெக்சாந்திரிய ஆயர் அத்தனாசியுவும், கப்பதோக்கியத் தந்தையர் எனப்படும் திருச்சபை ஆசிரியர்களும் வேத வசனங்களை ஒன்றுவிடாமல் திரட்டி வாதாடிய நூற்றாண்டில், மூவரும் ஒன்று என்று வெளிப்படையாகச் சொல்லும் இத்தொடரை அவர்களில் ஒருவரும் எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் விட்டிருப்பார்களா?

அது எப்படி உள்ளே வந்தது என்பதை இலத்தீன் உலகில்தான் தேட வேண்டும். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் 251ஆம் ஆண்டளவில், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியைக் குறித்து ‘இம்மூவரும் ஒன்றே’ என எழுதப்பட்டிருக்கிறது என்கிறார். இத்தொடரை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதையே சிலர் சான்றாகக் காட்டுவர். ஆவி, நீர், இரத்தம் என்ற மூன்றையும் அவர் திரித்துவத்தின் அடையாளமாக வாசித்திருக்கிறார் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அகஸ்தீனும் பின்னர் அவ்வாறே விளக்கம் தந்திருக்கிறார். அத்தகைய விளக்கம் ஓரக்குறிப்பாக எழுதப்பட்டு, படியெடுத்தவர் அதை விடுபட்ட வசனம் என்று கருதி உள்ளே சேர்த்திருக்கக்கூடும். தெளிவான வசனமாக இது முதலில் காணப்படுவது, நான்காம் நூற்றாண்டில் இசுப்பானியாவின் பிரிசில்லியன் அல்லது அவர் வழியினர் ஒருவர் எழுதிய இலத்தீன் நூலில்.

நெதர்லாந்து அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில், தாம் கண்ட கிரேக்கச் சுவடிகளில் இல்லாததால் இதைச் சேர்க்கவில்லை. கடும் கண்டனம் எழுந்தது. இப்போது டப்ளினில் இருக்கும் 16ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று காட்டப்பட்ட பின், 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பிற்கால அச்சுப் பதிப்புகளுக்கும், 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்துக்கும் அது சென்றது. லூத்தரோ தம் வாழ்நாள் முழுவதும் தம் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் இதற்கு இடம் தரவில்லை.

தமிழில் மட்டும் வாசிப்போருக்குப் புலப்படாத ஒரு நுட்பம் இங்கே உண்டு. இத்தொடரைக் கொண்ட கிரேக்கப் பாடத்தில் இரு வசனங்களிலும் சாட்சியிடுவோரைக் குறிக்கும் சொல் ஒன்றே, ஆண்பாலில் நிற்கிறது. ஆவி, நீர், இரத்தம் ஆகிய மூன்றும் அம்மொழியில் ஆண்பாலோ பெண்பாலோ அல்லாத அலிப்பாற் சொற்களாயிருக்க, அவற்றுக்கு ஏன் ஆண்பால் வந்தது என்பதே இத்தொடரை மெய்யென்பாரின் முக்கிய இலக்கண வாதம்; அம்மூன்றும் சாட்சிகளாக உருவகிக்கப்பட்டதால் அப்படி வந்தது என்பது மறுப்போர் விடை. தமிழுக்கு உயர்திணை, அஃறிணைப் பிரிவு உள்ளதால் பழைய மொழிபெயர்ப்பு ‘சாட்சியிடுகிறவர்கள் மூவர்’ என்றும் ‘சாட்சியிடுகிறவைகள் மூன்று’ என்றும் பிரித்துவிட்டது. அதனால் அவ்வாதம் எழும் இடமே தமிழ் வாசகருக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது.

இனி, தமிழ்ச் சொல். ‘யோவானின் காற்புள்ளி’ பிழை. சுவடிக்குச் சுவடி வாசகம் வேறுபடுவதைக் குறிக்கும் ‘பாடபேதம்’ பொருந்தும், ஆனால் ஒரு சொல், ஓர் எழுத்து மாறினாலும் அது பாடபேதமே. இங்கே ஒரு தொடர் முழுவதும் கூடியிருக்கிறது. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரியவற்றை ‘மிகைப்பாடல்கள்’ எனத் தனியே வைத்தது மிக நேர்மையான வழக்கம், ஆயினும் உரைநடை நிருபத்தில் பாடல் என்ற சொல் நிற்காது. ‘இடைச்செருகல்’ பலரும் எழுதுவது. அதில் இரண்டு இடர்கள் உள்ளன: அது தீர்ப்பைப் பெயராக்கிவிடுகிறது, மேலும் ‘செருகல்’ என்றதும் திட்டமிட்டு நுழைத்த ஒரு கை கண்முன் வருகிறது, சான்றுகளோ படியெடுத்தவரின் தவற்றையும் நினைக்க வைக்கின்றன. ஆகவே பெயராக ‘யோவான் சிறுதொடர்’ என்றும், அதைப் பற்றிய முடிவைச் சொல்லும்போது ‘பிற்சேர்க்கை’ என்றும் எழுதுவதே தக்கது.

‘திரித்துவம்’ என்ற சொல்லையும் இத்தொடரையும் ஒன்றோடொன்று கட்டிவிடுவது இரு தரப்பாரும் செய்யும் பிழை. மூன்று என்னும் தன்மையைக் குறிக்கும் அந்த வடசொல், இலத்தீன் கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ‘திரினிதாஸ்’ என்பதற்கு இணை. ‘மூவொரு கடவுள்’ என்ற இன்றைய கத்தோலிக்க வழக்கும், ‘திரியேகர்’ என்ற சீர்திருத்தச் சபை வழக்கும், மூன்றை மட்டும் சொல்லாமல் ஒருமையையும் சேர்த்துச் சொல்வதால் அதனினும் நிறைவானவை. 325இல் நிசேயாவிலும் 381இல் கான்ஸ்தாந்திநோபிளிலும் திருச்சபைச் சங்கங்களாகக் கூடிய ஆயர்கள் இச்சிறுதொடரின் துணையில்லாமலே தங்கள் விசுவாச அறிக்கையை வகுத்தார்கள். அக்கோட்பாட்டை ஏற்பவரும் மறுப்பவரும் வாதாட வேண்டிய இடங்கள் யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமும் மத்தேயுவின் கடைசி அதிகாரமும் பவுலின் நிருபங்களுமே.