சிபிஎஸ்இ பிளஸ் டூ கணினி அறிவியல்: செய்முறையின் 30 மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் டிசம்பர் பிறந்தால் ஒரே ஓட்டமாக இருக்கும். ரெக்கார்டு பாதியில் நிற்கும். ப்ராஜெக்ட் இன்னும் பிரிண்ட் எடுத்திருக்க மாட்டார்கள். பைண்டிங் கடைக்காரர் நாளைக்கு வா என்பார். ஜனவரியில் செய்முறைத் தேர்வு. இந்தக் கடைசி நேர ஓட்டத்தில் பிள்ளைகள் இழப்பது தூக்கத்தை மட்டுமல்ல, கையில் கிடைத்திருக்க வேண்டிய மதிப்பெண்ணையும்தான். அதனால் இந்த 30 மதிப்பெண்ணுக்கான விதி என்ன சொல்கிறது, அதில் மாணவர் தானே எழுதி வைக்க வேண்டியது எது, தன் வேலையைத் தானே எப்படி எடை போட்டுப் பார்க்கலாம் என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

பாடக் குறியீடு 083. எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. 2024-25 பாடத்திட்டத்தில் அந்த 30 பிரிந்திருப்பது இப்படி: லேப் தேர்வுக்கு 12, ரிப்போர்ட் ஃபைலுக்கு 7, ப்ராஜெக்டுக்கு 8, வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு 3. லேப் தேர்வின் 12இல் பைத்தான் மொழியில் எழுதும் நிரலுக்கு 8, தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லின் கேள்விகளுக்கு 4. பாடத்திட்டம் ஆண்டுதோறும் புதிதாக வெளியாகிறது. உங்கள் ஆண்டுக்கு உரியதை வாரியத்தின் கல்விப் பிரிவு இணையதளத்தில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.

ஃபைலின் 7, ப்ராஜெக்டின் 8, இரண்டையும் கூட்டினால் 15 வருகிறது. செய்முறையின் சரிபாதி. தேர்வு நாளன்று என்ன கேள்வி வரும் என்ற பயம் இந்தப் பாதிக்குக் கிடையாது. மாதக்கணக்கில் செய்து, எழுதி, சேர்த்து வைத்ததைக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் இது. பிள்ளைகள் மிகக் குறைவாக நேரம் ஒதுக்குவதும் இதற்குத்தான் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ரிப்போர்ட் ஃபைல் வேறு, ப்ராஜெக்ட் அறிக்கை வேறு. ஃபைல் என்பது ஆண்டு முழுக்க லேபில் செய்த பயிற்சிகளின் தொகுப்பு, நம் ஊரில் ரெக்கார்டு என்று சொல்வது. அதில் குறைந்தது 15 பைத்தான் நிரல்கள் இருக்க வேண்டும். ஒரு டேபிளையோ இரண்டு டேபிளையோ வைத்துக் குறைந்தது 5 தொகுப்பு எஸ்கியூஎல் கேள்விகள் இருக்க வேண்டும். பைத்தானையும் எஸ்கியூஎல்லையும் இணைக்கும் நிரல்கள் குறைந்தது 4. என்ன மாதிரி நிரல்கள் என்பதற்குப் பாடத்திட்டமே ஒரு பட்டியல் தருகிறது: உரைக் கோப்பை வரி வரியாகப் படித்து ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் ஒரு குறி போட்டுக் காட்டுவது, உயிரெழுத்து எத்தனை மெய்யெழுத்து எத்தனை என்று எண்ணுவது, பைனரி கோப்பில் பெயரும் வரிசை எண்ணும் சேமித்துத் தேடுவது, பகடை உருட்டுவது போல 1 முதல் 6 வரை ஓர் எண்ணைத் தருவது, கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் ஸ்டாக்கை லிஸ்ட்டை வைத்து அமைப்பது, மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்துத் தேடுவது. வாரம் ஒன்று என்று ஜூனில் தொடங்கினால் தீபாவளிக்கு முன்பே இந்த 15 முடிந்துவிடும்.

ஃபைல் எழுதுவதை வெறும் கையெழுத்து வேலையாகப் பார்க்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், லேப் தேர்வுக்கு மதிப்பெண் போடும் முறை. பைத்தான் நிரலுக்கான 8 மதிப்பெண்ணில் தர்க்கத்துக்கு 60 விழுக்காடு, ஆவணப்படுத்தலுக்கு 20, நிரலின் தரத்துக்கு 20 என்று பாடத்திட்டமே பிரித்துச் சொல்கிறது. அதாவது தர்க்கத்துக்கு 4.8, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 3.2. நிரல் ஓடிவிட்டது, விடை சரியாக வந்துவிட்டது, எட்டுக்கு எட்டு என்று நினைத்துக்கொண்டு வெளியே வரும் பிள்ளை இந்த 3.2ஐக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை.

ஆவணப்படுத்தல் என்றால் பயந்துபோக ஒன்றும் இல்லை. நிரலுக்குள் எழுதும் விளக்கக் குறிப்பான கமெண்ட், மேலே நிரல் எதற்கு என்று ஒரு வரி, ஒவ்வொரு ஃபங்ஷனும் (ஒரு வேலையைச் செய்யும் தனிப் பகுதி) எதை வாங்கி எதைத் தருகிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் எழுதும் விதத்தில் தரம் தெரிந்துவிடும். ‘எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு’ என்ற கமெண்டால் பயன் கிடையாது, அது நிரலைப் பார்த்தாலே தெரிகிறது. ‘சிஎஸ்வியின் முதல் வரி தலைப்பு என்பதால் அதைத் தாண்டிவிட்டுப் படிக்கிறோம்’ என்ற கமெண்டுக்குப் பயன் உண்டு, ஏனென்றால் அது காரணத்தைச் சொல்கிறது. தரம் என்பதும் அப்படித்தான். எக்ஸ், ஒய், இசட் என்று வேரியபிளுக்குப் பெயர் வைக்காமல் விலை, அளவு, மொத்தம் என்று பொருள் புரியும்படி வைப்பது, ஒரே வேலையை மூன்று இடத்தில் எழுதாமல் ஒரு ஃபங்ஷனாக்குவது, திறந்த கோப்பை மூடுவது. ஆண்டு முழுக்க ரெக்கார்டில் இப்படி எழுதிப் பழகியவருக்குத் தேர்வு நாளில் கை தானாகவே அப்படித்தான் எழுதும்.

அப்புறம் ப்ராஜெக்ட். இதற்கான விதியைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது, அவ்வளவு நல்ல விதி. இரண்டு அல்லது மூன்று பேர் குழுவாகச் செய்ய வேண்டும். சமர்ப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 6 மாதம் முன்பே தொடங்க வேண்டும். பைத்தான் கோப்புக் கையாளுதலையோ எஸ்கியூஎல் இணைப்பையோ பயன்படுத்தி, கண்ணுக்குத் தெரியும்படி பயனுள்ள ஒன்றைச் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், தீர்க்கத் தகுந்த ஒரு நிஜப் பிரச்சினையைத் தேடிப்பிடிக்கச் சொல்கிறது. உள்ளூர்க் கடைகளுக்கும் தொழில் செய்பவர்களிடமும் போய் உங்களுக்கு என்ன சிரமம் என்று கேட்டு வரச் சொல்கிறது. ஜிஎஸ்டிக்காகப் பில் தயாரிக்கத் திணறும் ஒரு வியாபாரிக்கு, அவருடைய விற்பனை விவரத்தை வகை பிரித்து, வரி விகிதம் சேர்த்து, பில்லாக்கித் தரும் நிரலை எழுதலாம் என்று எடுத்துக்காட்டும் கொடுத்திருக்கிறார்கள். விளையாட்டு செய்யலாம், பள்ளிக்கு உதவும் மென்பொருள் செய்யலாம், மாற்றுத்திறன் கொண்ட சக மாணவருக்கு உதவும் ஒன்றைச் செய்யலாம் என்றும் சொல்கிறார்கள்.

இப்படி ஒரு வாசல் திறந்திருக்கும்போது, பெரும்பாலான பிள்ளைகள் கொண்டுவருவது நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, ஓட்டல் முன்பதிவு. அதே நிரல், அதே மெனு, முதல் பக்கத்தில் பள்ளியின் பெயர் மட்டும் வேறு. எக்ஸ்டெர்னலாக, அதாவது வெளித் தேர்வாளராக வருகிறவர் இதே மெனுவை எத்தனையோ முறை பார்த்தவர். தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஒரு நாள் சாயங்காலம் போய் அவருடைய கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பார்கள். பாதிப் பணம் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த மாதம் என்றவர் இருப்பார். அரைக் கிலோ, ‘இருபது ரூபாய்க்கு’ என்று இரண்டு விதமாகவும் கணக்கு இருக்கும். இதை எப்படி இரண்டு டேபிளாகப் பிரிப்பது என்று யோசிக்கத் தொடங்கினாலே பாதி ப்ராஜெக்ட் உருவாகிவிடும். பால்காரர் கணக்கு, தையல் கடை ஆர்டர், பூக்கடையின் தினசரி விலை, எதுவானாலும் சரி, கேட்டு வந்த கதை உங்களுடையது. அதை வேறு யாரிடமும் நகல் எடுக்க முடியாது. காப்பியடிப்பதையும் காப்புரிமை மீறலையும் தவிர்க்க மாணவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்கு ஆசிரியர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதே விதியில் இருக்கிறது.

ப்ராஜெக்ட் அறிக்கையில் எந்தப் பக்கத்துக்குப் பின் எந்தப் பக்கம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள். நான் வலியுறுத்துவது வேறு ஒன்று: ஒரு நாட்குறிப்பு. நாற்பது பக்க நோட்டு போதும், அல்லது குழுவில் எல்லாரும் திறக்கக்கூடிய ஒரு கோப்பு. தேதி போட்டு அன்று யார் என்ன செய்தார், எது ஓடவில்லை, எப்படிச் சரியானது என்று மூன்று வரி. ‘நேற்று சேர்த்த பதிவுகள் இன்று டேபிளில் காணோம், கமிட் கொடுக்க மறந்திருந்தோம்’ என்று ஒரு குறிப்பு; கமிட் என்பது மாற்றத்தை நிலையாகச் சேமிக்கும் கட்டளை. ‘பைனரி கோப்பில் கடைசிப் பதிவுக்கு அப்புறமும் படிக்கப் போய் நிரல் நின்றுவிட்டது, ட்ரை எக்ஸெப்ட் போட்டுச் சரிசெய்தோம்’ என்று இன்னொன்று; பிழை வந்தாலும் நிரல் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது அது. வைவாவில் கேட்கப்படுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கேள்விகள்தான். கமிட் எதற்கு, இந்த இடத்தில் ஏன் ட்ரை, இந்த டேபிளில் ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் பிரைமரி கீ எது. தடுமாறி எழுந்த இடத்தை எழுதி வைத்தவருக்கு இதற்கெல்லாம் விடை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குழுவில் ஒருவரே நிரல் முழுக்க எழுதிவிட்டு மற்ற இருவர் பெயரை மட்டும் சேர்த்திருந்தால் வைவாவில் அது உடனே தெரிந்துவிடும். அதனால் மற்றவர் எழுதிய பகுதியை உட்கார்ந்து ஒருமுறை அவர் வாயாலேயே விளக்கிக் கேளுங்கள்.

சரி, தானே மதிப்பிடுவது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, 4.35ஆம் பத்தியில், மாணவரின் முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவரின் சுய மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. 083இன் மதிப்பெண் பிரிவில் சுய மதிப்பீட்டுக்கென்று தனிக் கட்டம் கிடையாது. மாணவர் தனக்குத் தானே போடும் மதிப்பெண் எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஆனால் அளவுகோலை வாரியமே வெளியிட்டிருக்கும்போது அதை முதலில் கையில் எடுக்க வேண்டியவர் மாணவர்தானே? ஒரு நிரலை எழுதி முடித்த கையோடு தர்க்கத்துக்கு 4.8இல் எவ்வளவு, ஆவணத்துக்கு 1.6இல் எவ்வளவு, தரத்துக்கு 1.6இல் எவ்வளவு என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் நோட்டைக் கொடுத்து அவரையும் போடச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் எங்கே விலகுகிறதோ அங்கே பேசுங்கள். உங்களுக்குப் புரிந்த கமெண்ட் அவருக்குப் புரியவில்லை என்றால் தேர்வாளருக்கும் புரியாது. செப்டம்பரில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை ஃபைலையும் ப்ராஜெக்டையும் இப்படிப் பார்த்தால், திருத்த நேரம் இருக்கும்போதே குறை தெரிந்துவிடும்.

பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு விதி இருக்கிறது. தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியே 33 விழுக்காடு வேண்டும், இரண்டும் சேர்ந்த மொத்தத்திலும் 33 வேண்டும். எழுத்துத் தேர்வில் தவறி, செய்முறையில் தேறியவர் சப்ளிமென்டரி தேர்வில் (முன்பு கம்பார்ட்மென்ட் தேர்வு என்று சொன்னது) எழுத்துத் தேர்வு மட்டும் எழுதினால் போதும், செய்முறை மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். செய்முறையில் தவறியவருக்கு அந்த வசதி கிடையாது. எழுத்துத் தேர்வில் ஏற்கெனவே தேறியிருந்தாலும் அவர் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும். விடைத்தாள் மறுமதிப்பீடு என்பதும் எழுத்துத் தேர்வுக்குத்தான். பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைக்கு வாரியம் நியமிக்கும் வெளித் தேர்வாளர் வருகிறார், மதிப்பெண் பள்ளியிலிருந்தே பதிவேற்றப்படுகிறது. உடம்பு சரியில்லாமல் அன்று வர முடியாமல் போனால் காத்திருக்காமல் அன்றே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

பதினொன்றாம் வகுப்பிலும் இதே 30தான், ஆனால் தேர்வு பள்ளிக்குள்ளேயே நடக்கும். அங்கே ஃபைலில் குறைந்தது 20 பைத்தான் நிரல்கள், ப்ராஜெக்டுக்கு 8. பிளஸ் டூ ப்ராஜெக்ட் இரண்டு வகுப்பிலும் படித்ததை வைத்துச் செய்வது என்பதால், பதினொன்றில் செய்ததைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்ஃபர்மேட்டிக்ஸ் பிராக்டிசஸ் எடுத்தவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அதன் குறியீடு 065, பிரிவும் வேறு: பாண்டாஸ், மேட்பிளாட்லிப் என்ற பைத்தான் நூலகங்களை வைத்து எழுதும் நிரல்களுக்கு 8, எஸ்கியூஎல்லுக்கு 7, ஃபைல், ப்ராஜெக்ட், வைவா மூன்றுக்கும் தலா 5. அங்கே வைவாவின் எடை கூடுதல், ப்ராஜெக்டின் எடை குறைவு. ரெக்கார்டு நோட்டு வாங்கப் போவதற்கு முன் பிள்ளையின் பாடக் குறியீடு 083ஆ 065ஆ என்று கேட்டுக்கொள்ளுங்கள்.