ஆற்று மணலை லேஅவுட்டில் கொட்டும் முன்

இந்த வாரமும் என் பட்டறைக்கு ஒரு மாதிரி ரயில் எஞ்சின் வந்திருக்கிறது. கரண்ட் கொடுத்தால் கரகரவென்று சத்தம், ஓரடி நகர்ந்து நின்றுவிடுகிறது. "மோட்டார் போயிடுச்சு போல, புதுசு மாத்திக் கொடுங்க" என்கிறார் கொண்டுவந்தவர். அடித்தட்டைக் கழற்றினால் மோட்டாரின் காந்தத்தைச் சுற்றி மீசை வைத்தது போலக் கறுப்புப் பொடி. லேஅவுட்டில், அதாவது மாதிரி ரயில் ஓட மேசை மேல் அமைக்கும் பாதையும் நிலக்காட்சியும் சேர்ந்த அமைப்பில், என்ன மண் போட்டீர்கள் என்று கேட்டேன். இதே கேள்விக்கு ஒவ்வொருவரும் சொல்லும் பதில்தான், அதே பெருமையோடு வந்தது: "நிஜ ஆற்று மணல் சார், ஊர்லேர்ந்து கொண்டுவந்தது."

ரயில் மாதிரிகளும் கட்டட மாதிரிகளும் செய்து, பழுது பார்த்துப் பிழைக்கிறவன் நான். என் பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் தானாகத் தேய்ந்து கெட்டவை குறைவு. பெரும்பாலும் சீனரிதான் அவற்றைக் கொல்கிறது. மலை, மண், புல், மரம் எல்லாம் சும்மா அலங்காரம், கடைசியில் எதையாவது ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துச் செய்வதன் விளைவு இது.

முதலில் மணல். ஆற்று மணலில் கறுப்பாக மின்னும் துகள்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல மேக்னடைட், அதாவது காந்தம் இழுக்கும் இரும்புத் தாது. எஞ்சினுக்குள் இருப்பது காந்த மோட்டார். ரயில் ஓட ஓட அதிர்வில் ஒட்டாத துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி மேலே ஏறும். அப்புறம் பல்சக்கரத்துக்குள்ளும் புகுந்துகொள்ளும். கடற்கரை மணல் இன்னும் மோசம். மணவாளக்குறிச்சிப் பக்கம் கடலோர மணல் கறுத்துக் கிடப்பதே இல்மனைட் போன்ற இரும்பு கலந்த கனிமங்களால்தான். அதோடு உப்பும் சேர்ந்து வருகிறது. உப்பு ஈரத்தை இழுக்கும், சால்டரிங் செய்த இணைப்புகளை அரிக்கும். நல்ல காந்தம் ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி மணல் மேல் நாலு தடவை இழுத்துப் பாருங்கள், பையில் ஒட்டுவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கடையில் வாங்கிய பாக்கெட்டையும் இப்படிச் சோதிக்காமல் பிரித்துக் கொட்டாதீர்கள்.

ஆனால் மோட்டார் கெடுவதைவிட எனக்கு அதிக எரிச்சல் தருவது அந்த "நிஜ" என்ற பெருமைதான். நிஜப் பொருளைப் போட்டால் நிஜமாகத் தெரியும் என்று யார் சொன்னது? கணக்குப் போட்டுப் பாருங்கள். N ஸ்கேல் என்பது 1:160, அதாவது நிஜ அளவில் 160-இல் ஒரு பங்கு. அதில் ஒரு மில்லிமீட்டர் மணல், நிஜத்தில் 16 சென்டிமீட்டர் கல்லுக்குச் சமம். நம் ரயில் பாதையில் போடும் ஜல்லி பெரும்பாலும் 20 முதல் 65 மில்லிமீட்டர் வரை. 160-ஆல் வகுத்தால் பெரிய ஜல்லியே 0.4 மில்லிமீட்டர்தான் வருகிறது. ஹெச்ஓ ஸ்கேலில், அதாவது 1:87-இல், முக்கால் மில்லிமீட்டர். நீங்கள் கொட்டியிருப்பது ஜல்லியே இல்லை, தண்டவாளத்துக்கு நடுவே பாறை உருட்டி வைத்திருக்கிறீர்கள். ஒரு சென்டிமீட்டர் உயர மனிதப் பொம்மை அதன் பக்கத்தில் நின்றால் இடறி விழுந்துவிடுவான்.

"இல்ல சார், சலிச்சுத்தான் போட்டேன்" என்று அடுத்து ஒன்று வரும். சரி, அளவு குறைந்தது. வடிவம்? ஆற்று மணல் தண்ணீரில் உருண்டு முனை மழுங்கியது. ஜல்லி உடைத்த கல், கூர்முனையோடு இருக்கும். பளபளப்பு? மணலில் உள்ள குவார்ட்ஸ் துகள் விளக்கொளியில் பளிச்சென்று அடிக்கும். நிஜப் பாதையில் நடந்து போனால் கூழாங்கல் அளவுக்கு ஒளிரும் வைரமா கிடக்கிறது? துகள் சிறியதாகிவிட்டது, ஆனால் அதன் மினுமினுப்பு சிறியதாகவில்லை. வுட்லேண்ட் சீனிக்ஸ் விற்கும் ஜல்லிப் பொடியைப் பார்த்து "என்ன கல் சார் இது?" என்று கேட்பார்கள். அது கல்லே இல்லை, அக்ரூட் ஓட்டை அரைத்த தூள். கனமில்லை, மின்னாது, காந்தத்தில் ஒட்டாது. ஒரே தொல்லை, பசை ஊற்றும்போது மிதக்கும். அதனால் முதலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரைத் தெளித்து நன்றாக நனைத்துக்கொண்டு, அப்புறம் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விட வேண்டும். பாதை பிரியும் இடத்தில் நகரும் தகடு பக்கம் மட்டும் போகாதீர்கள். அங்கே பசை ஏறினால் அந்தப் பாயிண்ட்டை அப்படியே பெயர்த்து எடுக்க வேண்டியதுதான்.

நிறமும் இப்படியே ஏமாற்றும். மத்தியான வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம், உங்கள் அறை விளக்கு சில நூறு லக்ஸ். வெயிலில் அழகாகச் சிவந்து தெரிந்த குன்னூர் மண், மேசை மேல் ரத்தக்கட்டு போலக் கறுத்துத் தெரியும். பசை பட்டால் இன்னும் ஒரு படி இருளும். பசை காய்ந்த பிறகு, லேஅவுட் இருக்கும் அறையின் விளக்கிலேயே வைத்துப் பார்த்து, மேலே கொஞ்சம் வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷ்ஷால் தடவுங்கள். கடைக்காரர் வெளிச்சத்தில் நிறம் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குன்னூர் என்றதும் ஊட்டி ரயில் ஞாபகம் வந்துவிட்டது. நம் ஆட்களில் பாதிப்பேருக்கு அதைச் செய்யத்தான் ஆசை, தவறில்லை. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆனால் அது மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர். 1:160-இல் தண்டவாள இடைவெளி 6.25 மில்லிமீட்டர் வர வேண்டும், அதைவிடச் சிறிய இசட் ஸ்கேலின் 6.5 மில்லிமீட்டர் பாதை ஏறக்குறையப் பொருந்தும். எல்லாரும் 9 மில்லிமீட்டர் பாதையைப் போட்டுவிட்டு ஊட்டி ரயில் என்கிறார்கள். 9-ஐ 160-ஆல் பெருக்கினால் ஐரோப்பிய ஸ்டாண்டர்டு கேஜ். கல்லாறு தாண்டி ஏறும் 12-க்கு 1 சரிவையும் அப்படியே வைத்துவிடுகிறார்கள், அதாவது ஒரு மீட்டர் நீளத்துக்கு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றம். நிஜ எஞ்சினே பல்சட்டத்தைப் பிடித்துத்தான் அங்கே ஏறுகிறது. உங்கள் எஞ்சின் வழுக்காமல் என்ன செய்யும்?

அந்த மலையில் வைக்கும் மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 30 மீட்டர் வளர்ந்த தைல மரம் 1:160-இல் கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர். வைப்பது என்னவோ ஐந்து, ஆறு சென்டிமீட்டர் புதர். தேயிலைச் செடிக்கு நேர்மாறு. கொழுந்து பறிக்க இடுப்பளவில் கவாத்து செய்து வைத்த செடி ஆறு மில்லிமீட்டர்தான் வர வேண்டும். ஸ்பாஞ்சை இரண்டு சென்டிமீட்டருக்கு வெட்டி வரிசையாக ஒட்டினால் மூன்று மீட்டர் உயரத் தேயிலை. ஏணி போட்டுத்தான் பறிக்க வேண்டும். தேயிலைச் செடியைச் சிறியதாக்கி, பின்னால் மரத்தைப் பெரியதாக்கிப் பாருங்கள், மலை தானாகவே உயர்ந்துவிடும்.

தோட்டத்துச் சுள்ளி, சுவரில் சுரண்டிய பாசி, இவற்றை ஒட்டுகிறவர்கள் மழைக்காலம் வரை பொறுத்திருங்கள். பூஞ்சை பூக்கும், பூச்சியும் வரும். சுள்ளி வேண்டுமென்றால் நன்றாகக் காய வைத்து வார்னிஷ் அடியுங்கள். மண் போட்டே தீருவேன் என்றால் பழைய வாணலியில் வறுத்து, ஆறியதும் மெல்லிய துணியில் சலித்து, காந்தம் காட்டிவிட்டுப் போடுங்கள். சமைக்கிற வாணலியை எடுத்து வீட்டில் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் எஞ்சினுக்கும் கண்ணுக்கும் கேடு. இனி உடம்பு.

மலை செய்ய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைக்கிறோம். "மாவுக்கட்டுப் போடுற தூள்தானே சார், கையில பட்டா என்ன?" என்பார்கள். ஆஸ்பத்திரியில் போடுவது மெல்லிய துணிச் சுற்று, அடியில் பஞ்சு, போடுகிறவர் பயிற்சி பெற்றவர். வாளியில் கெட்டியாகக் கரைத்த பிளாஸ்டர் இறுகும்போது 60 டிகிரி வரை சூடாகும், அதற்குள் கை மாட்டிக்கொண்டால் வெளியே வராது. 2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருத்தி பள்ளி ஓவிய வகுப்பில் கை அச்சு எடுக்க வாளிக்குள் கைகளை விட்டாள். விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். லேஅவுட் வேலையில் பிள்ளைகளும் ஆசையாகக் கூட வருவார்கள், வரட்டும். "கை அச்சு எடுக்கலாம்பா" என்று கேட்டால் மட்டும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கையுறை போட்டு, துணியை நனைத்து மெல்லிய படலமாகப் பரப்புங்கள். காய்ந்ததைத் தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க் வேண்டும். மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாயே கல்லாகிவிடும்.

தெர்மாகோலைச் சூட்டுக் கம்பியால் அறுத்தால் வரும் புகையில் ஸ்டைரீன் என்ற நச்சு இருக்கும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், படுக்கையறையில் வேண்டாம். கம்பி சிவக்கும் அளவுக்குச் சூடேற்றாதீர்கள். ஸ்ப்ரே பெயின்ட், ரப்பர் பசை இரண்டும் தெர்மாகோலைக் கரைத்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, பஞ்சும் சூப்பர் குளூவும். நீராவி எஞ்சினின் புகைபோக்கியில் புகை மாதிரி பஞ்சை ஒட்டப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பசை பருத்தியில் பட்டால் சட்டென்று கொதித்துவிடும், கொஞ்சம் அதிகமாக விட்டால் புகையே கிளம்பும், பொம்மைப் புகை இல்லை. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டும் அதைத் தொடாதீர்கள். கண்ணில் தெறித்தால் இமையைப் பிரிக்க முயலாமல் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே கண் டாக்டரிடம் ஓடுங்கள். பஞ்சுக்கு ஃபெவிகாலே போதும்.

கடைசியாக கொசு பேட். லேஅவுட்டில் புல்லாக நடும் செயற்கை நார் நட்டுக்குத்தலாக நிற்க உயர் மின்னழுத்தம் வேண்டும் என்று தெரிந்துகொண்டு, கொசு பேட்டைப் பிரித்து டீ வடிகட்டியோடு இணைத்துக் கருவி செய்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவிட்சை விட்ட பிறகும் மின்தேக்கியில் மிச்சம் தங்கியிருக்கும், பிரிக்கும்போது அடிக்கும். அதைவிடப் பயங்கரம், பசை இறங்கட்டும் என்று ஐசோபுரோப்பில் ஆல்கஹாலையோ ஹேர் ஸ்ப்ரேயையோ அடித்துவிட்டு, அதன் மேலேயே அந்தப் பொறி பறக்கும் கருவியைப் பிடிப்பது. தீப்பிடிக்க வேறு எதுவும் தேவையில்லை. புல் நடும்போது தண்ணீர்ப் பசை மட்டும், ஸ்ப்ரே வேலை எல்லாம் வேறொரு நாளுக்கு. இதய பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்தக் கருவியைத் தொடவே வேண்டாம்.

மண் ஏற்கெனவே எஞ்சினுக்குள் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் "ஓட்டிப் பாப்போம்" என்று ஓட்டாதீர்கள், எண்ணெயும் விடாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்த மணல் பல்சக்கரத்தை உப்புத்தாள் மாதிரி அறுக்கும். தலைகீழாக வைத்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுத்து, அப்படியே டப்பாவில் போட்டு யாரிடம் பழுது பார்ப்பீர்களோ அவரிடம் கொடுங்கள். லேஅவுட்டில் கிடக்கும் மிச்ச மணலை வாக்குவம் கிளீனரின் முனையில் துணி கட்டி உறிஞ்சி எடுத்த பிறகு அடுத்த எஞ்சினை ஏற்றுங்கள்.