புத்தகம் எனக்காக நிக்குது: வயசு போன மூளையும் வாசிப்பும்

2022ம் ஆண்டு பங்குனி கடைசியில இலங்கையில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லாம இருந்தம், எல்லாருக்கும் நினைவிருக்கும். டிவி இல்ல, ஃபேன் இல்ல, போன்லயும் சார்ஜ் இல்ல. மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுல அம்மா விறாந்தையில வாங்கப் போட்டுக்கொண்டு, அலுமாரிக்குள்ள தூசி பிடிச்சுக் கிடந்த பழைய புத்தகத்துல ஒண்ட எடுத்து வாசிக்கத் தொடங்கினவ. அப்ப அவக்கு 68 வயசு. கரண்ட் பழையபடி வந்து எவ்வளவு காலமாச்சு, இன்னும் அந்தப் பழக்கத்த விடல்ல. உள்ளுக்கு நாடகம் தொடங்குற பாட்டுக் கேட்டா, "நீங்க பாருங்க மனே, நான் இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாறன்" எண்டுவா, மறுகா வரமாட்டா.

ஏனம்மா எண்டு ஒருநாள் கேட்டன். "டிவி என்ன விட்டுட்டுப் போகுது மனே, புத்தகம் எனக்காக நிக்குது" எண்டா. எனக்கு அந்தப் பதில் மனசுக்குள்ளயே நிண்டுட்டு. பிறகு மூளையப் பத்தி, கண்ணப் பத்தித் தேடி வாசிக்க வாசிக்க, அவ சொன்னது எவ்வளவு சரியான விஷயம் எண்டு விளங்கிச்சு, அதத்தான் இங்க எழுதுறன்.

முதல்ல கண். வாசிக்கிற ஒரு ஆளட கண்ணப் பக்கத்துல இருந்து பாருங்க. வரியில கண் வழுக்கிக்கொண்டு போகும் எண்டுதான் நாம நினைக்கிற, ஆனா அது பாயும், நிக்கும், பாயும், நிக்கும். 19ம் நூற்றாண்டு கடைசியில பிரான்ஸ்ல லூயி எமில் ஜவால் எண்ட கண் டொக்டர்ட ஆய்வுகூடத்துல இதக் கவனிச்சு எழுதினாங்க. ஒரு இடத்துல நிக்கிறது ஏறக்குறைய கால் செக்கன், எழுத்து உள்ளுக்குப் போறது அந்தக் கால் செக்கன்லதான், பாயுற நேரத்துல மூளை பார்வைய அமத்தி வைச்சிரும். ஏன் பாயணும் எண்டா, விழித்திரையில கூர்மையாத் தெரியிற இடம் மிச்சம் சின்னது. கைய நல்லா நீட்டிப் பெருவிரல் நகத்தப் பாருங்க, கிட்டத்தட்ட அந்த நகத்துட அகலத்துக்குள்ள வாறதுதான் துல்லியமாத் தெரியும், மத்ததெல்லாம் மங்கல். அதால ஒவ்வொரு சொல்லா கண்ணக் கொண்டு போய் வைக்க வேண்டிக் கிடக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னண்டா கண் முன்னுக்கு மட்டும் போறதில்ல. நல்லா வாசிக்கிற ஆக்கள்ட கண்ணே 10 தரம் பாஞ்சா ஒருக்காவது பின்னுக்குப் போகும், விளங்காத சொல்லுக்கு, குழம்பின வரிக்கு. அம்மா விரல வரிக்குக் கீழ வைச்சு வாசிக்கிறவ, அதால எனக்கு அது வெளிய தெரியும். விரல் போய்க்கொண்டே இருக்கும், திடீரெண்டு நிக்கும், ரெண்டு சொல் பின்னுக்கு வரும், பிறகு போகும். ஒருநாள் விரல் நிண்டுட்டு, புத்தகத்த அந்த விரலோடயே மூடி, கண்ணாடியக் கழட்டி, வாசல்ல நிக்கிற முருங்கையப் பாத்துக்கொண்டு இருந்தா. கொஞ்சம் கழிச்சு, "இவள் முதல்லயே பொய்தான் சொல்லி இருக்காள்" எண்டு சொல்லிட்டு, இருபது பக்கம் பின்னுக்குத் தட்டித் தேடினா.

அந்த ஒரு நிமிஷத்துல மூளை செய்த வேலைய யோசிச்சுப் பாருங்க. இப்ப வாசிச்ச வரிய கையில பிடிச்சு வைச்சிருக்கணும், அதுக்கு வேலை நினைவு எண்டு சொல்லுவாங்க, அது சின்ன இடம், வயசு போகப் போக இன்னும் சுருங்கும். அதோட இருபது பக்கத்துக்கு முன்னால நடந்தத பழைய நினைவுல இருந்து இழுத்து எடுக்கணும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைச்சுப் பாக்கணும். புத்தகம் அவ்வளவு நேரமும் பேசாம இருந்துச்சு. டிவி இருக்குமா? காட்சி மாறும், ஆள் மாறும், பாட்டு வரும், விளம்பரம் வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் சத்தத்துக்கும் கவனம் தானாத் திரும்பும், அது நாம தீர்மானிக்கிற விஷயமில்ல. "இது என்ன?" எண்டு தலை திரும்புற அந்த இயல்ப ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ் 1927லயே எழுதி வைச்சார். கவனத்த நம்மட கையில இருந்து வாங்கி டிவி பிடிச்சுக்கொள்ளுது, அதாலதான் பாக்கிறதுக்குச் சுகமா இருக்கு, அதாலதான் மூண்டு மணித்தியாலம் பாத்தாப் பிறகு என்ன பாத்த எண்டு கேட்டா ஒழுங்காச் சொல்ல வருதில்ல.

வயசு போனா எல்லாமே குறையும் எண்டு ஒரு எண்ணம் இருக்கே, அது பிழை. குறையிறது முக்கியமா வேகம், ஒரு விஷயத்த எடுத்து விளங்கி முடிக்கிற வேகம், அது இருபது முப்பது வயசுலயே மெல்ல இறங்கத் தொடங்குது. ஆனா சொல்வளம், உலக அறிவு எல்லாம் அறுபது தாண்டியும் கூடிக்கொண்டோ குறையாமலோ இருக்கும். அப்ப வேகத்த வெளியில இருந்து திணிக்கிற விஷயம் அம்மாட வயசு ஆக்களுக்குப் பலவீனமான இடத்துல போய்க் குத்துது, வேகத்த அவங்கட கையில விட்டுட்டு சொல்லையும் அனுபவத்தையும் கேக்கிற விஷயம் அவங்க பலமா இருக்கிற இடத்துல வேலை வாங்குது. "வாவிக்கரையில தோணி கவுண்டு கிடந்தது" எண்டு ஒரு வரி இருந்தா, அந்தத் தோணியச் செய்யிறது அம்மாட மூளைதான், சின்ன வயசுல எங்கட வாவியில பாத்த தோணி, அந்தச் சேத்து மணம், எல்லாம். இது சும்மா அழகுக்குச் சொல்ற கதையில்ல. 2006ல ஸ்பெயின்ல ஆட்கள ஸ்கேன் மெசினுக்குள்ள வைச்சு கறுவா மாதிரி மணமுள்ள சாமான்ட பேர வாசிக்கக் குடுத்தாங்க, மூளையில மணத்த அறியிற பகுதியும் வேலை செய்தத கண்டாங்க, மூக்குக்கிட்ட ஒரு கறுவாப்பட்டையும் இல்லாமலே.

சரி, இதால மறதி நோய் வராம இருக்குமா எண்டுதான் எல்லாரும் கேக்கிற. நியூயோர்க்ல 75 வயசு தாண்டின 469 பேர வருஷக்கணக்காப் பின்தொடர்ந்து 2003ல வந்த ஆய்வுல, வாசிக்கிறது, வாத்தியம் வாசிக்கிறது, தாயம் சதுரங்கம் மாதிரி விளையாட்டு, நடனம் இதெல்லாம் கூடச் செய்த ஆக்களுக்கு டிமென்ஷியா எண்ட இந்த மறதி நோய் குறைவா வந்துச்சு. இங்கிலாந்துல 50 வயசுக்கு மேல 3,662 பேர வைச்சு 2019ல வந்த ஆய்வுல, ஒரு நாளைக்கு மூண்டரை மணித்தியாலத்துக்கு மேல டிவி பாத்த ஆக்கள்ட சொல் நினைவு ஆறு வருஷத்துல மத்த ஆக்கள விடக் கூடக் குறைஞ்சிருந்துச்சு. ஆனா இத நான் அப்பிடியே தூக்கிப் பிடிக்கமாட்டன். மறதி நோய் வெளியில தெரியிறதுக்குப் பல வருஷம் முன்னுக்கே மூளையில தொடங்கிரும், அப்ப அந்த ஆக்களுக்கு வாசிப்பு தானா விட்டுப்போகும், டிவிதான் மிஞ்சும், அது காரணமா விளைவா எண்டு பிரிக்கிறது லேசில்ல. படிப்பு, காசு, உடம்பு நிலை எல்லாம் உள்ளுக்குக் கலந்து கிடக்கு. சேமிப்பு எண்ட ஒரு கருத்து இருக்கு, வாழ்நாள் முழுக்க மூளைய நல்லா வேலை வாங்கின ஆளுக்கு நோய் வந்தாலும் சமாளிக்க மாத்து வழி கூட இருக்கும் எண்டு, அது எனக்கு நம்பக்கூடியதாத் தெரியுது.

எங்கட வீடுகள்ல வயசான ஆக்கள் வாசிப்ப விடுறதுக்குப் பெரிய காரணம் விருப்பமின்மை இல்ல, வெளிச்சம்! இத யாரும் கவனிக்கிறதில்ல. நாப்பது வயசுக்குப் பிறகு கண்வில்லை இறுகி கிட்டப் பார்வை போகும், அது தெரிஞ்ச விஷயம், கண்ணாடி போடுவாங்க. ஆனா கண்மணியும் சுருங்கும், வில்லை மஞ்சளிக்கும், 60 வயசு விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம் 20 வயசு ஆளோட ஒப்பிட்டா மூண்டுல ஒரு பங்குதான். நமக்குப் போதுமான பல்ப் அவங்களுக்குக் குப்பி விளக்கு. அம்மா அந்தக் கரண்ட் இல்லாத நாள்ல பகல் வெளிச்சத்துல விறாந்தையில இருந்து வாசிச்சதுதான் அவவ திரும்பப் பிடிச்சிழுத்திருக்கும் எண்டு நான் நினைக்கிறன், உள்ளறை டியூப் லைட்டுக்குக் கீழ எண்டா ரெண்டு பக்கத்துல மூடி வைச்சிருப்பா. இப்ப ராவைக்கு அவட தோளுக்குப் பின்னால தனியா ஒரு மேசை லைட் வைச்சிருக்கம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மாக்கு கண்வில்லை வெள்ளையாகி எழுத்துத் தெரியிறதில்ல, ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்கு. அவ பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணியோட வருவா, அம்மா சத்தமா வாசிப்பா, பெரியம்மா கண்ண மூடிக்கொண்டு கேப்பா. சந்தேகம் வந்தா "நில்லுகா, அந்த இடத்த இன்னொருக்கா வாசி" எண்டுவா, அம்மா விரலப் பின்னுக்குக் கொண்டு போவா. நேத்து ஒரு பக்கத்துக்கு முக்கால் மணித்தியாலம் போச்சு, அதுல வாற கிழவன் காணிய மூத்த மகளுக்கு எழுதினது சரியா பிழையா எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடியல்ல.